படிவம் மாறினால் வேலை போய்விடுமா? செவிலியர் பட்டம் பெற்ற மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எஸ்சி. நர்சிங் முடித்த உங்கள் மகளுக்குச் சென்னையில் 'ஒயாசிஸ் ரிவியூவர்' பணி, அதாவது அமெரிக்க நோயாளிகளைப் பற்றிய 'ஒயாசிஸ்' என்ற மதிப்பீட்டுப் படிவங்களைச் சரிபார்க்கும் பணி, கிடைத்திருப்பதையும், அமெரிக்க அரசு அந்தப் படிவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் வேலை நிலைக்குமா என்று நீங்கள் அஞ்சுவதையும் கடிதத்தில் படித்தேன். படிவம் மாறுவதை எண்ணி அஞ்சத் தேவையில்லை. வேறொன்றைக் குறித்துத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

அமெரிக்காவில் செவிலியரையும் பிசியோதெரபிஸ்டையும் நோயாளியின் வீட்டுக்கே அனுப்பும் ஹோம் ஹெல்த் ஏஜென்சிகள், நோயாளியின் நிலையைச் சிகிச்சையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வகைக் கேள்விகளால் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 1999 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தப் பதிவே ஒயாசிஸ். 2023 ஜனவரியில் அதன் 'இ' பதிப்பும், 2025 ஜனவரியில் 'இ1' பதிப்பும் வந்தன. இவற்றைவிடப் பெரிய மாற்றம் 2025 ஜூலை 1 அன்று வந்தது. அதுவரை மெடிக்கேர் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடு) நோயாளிகளின் பதிவுகளை மட்டும் அரசுக்கு அனுப்பினால் போதுமாக இருந்தது; அன்று முதல் சிகிச்சை தொடங்குவோர் தனியார் காப்பீட்டில் வந்தாலும், கைப்பணம் செலுத்தி வந்தாலும் அவர்களுடைய பதிவையும் அனுப்பியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோர், மகப்பேறு சார்ந்தோர், வீட்டு வேலைக்கும் உடல் பராமரிப்புக்கும் மட்டும் உதவி பெறுவோர் ஆகியோருக்கே விலக்கு உண்டு.

தொடக்க மதிப்பீட்டை 5 நாட்களுக்குள் முடித்து, முடித்ததிலிருந்து 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பிய பதிவுகளில் தரத்தைக் கணக்கிடப் பயன்படுபவை 90 விழுக்காட்டை எட்டாத ஏஜென்சிக்கு மெடிக்கேர் தரும் ஆண்டுக் கட்டண உயர்வில் 2 விழுக்காட்டுப் புள்ளிகள் குறையும். எனவே பதிவுகளைச் சரிபார்ப்போருக்கான தேவை கூடுகிறது. மாற்றம் வரும்போதெல்லாம் செவிலியருக்குப் பயிற்சி கொடுப்பதும், பழைய பழக்கத்தில் நிரப்பிய விடைகளைக் கண்டுபிடிப்பதும் இத்தகையோரின் வேலைதான்.

இனி நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். நினைவாற்றலை அறியும் பகுதியில் 'சாக்ஸ், நீலம், கட்டில்' என்ற மூன்று சொற்களைச் சொல்லி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். முதியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் தெளிவாக இருக்கிறார் என்று முடிவு கட்டி, கேட்காமலே விடையை நிரப்பிவிடும் செவிலியரும் உண்டு. அதேபோல், நோயாளி துணையின்றி நடக்கிறார் என்று செவிலியர் பதிந்திருக்க, அதே வாரத்துப் பிசியோதெரபி குறிப்பு அவர் வாக்கரோடு இன்னொருவரின் பிடியும் இருந்தால்தான் நடக்கிறார் என்று சொல்லக்கூடும். இத்தகைய முரணைக் கண்டதும் சரிபார்ப்பவர் செவிலியரிடம் கேட்டு விளக்கம் பெற வேண்டுமே தவிர, தாமாகவே விடையைத் திருத்திவிடக் கூடாது; நோயாளியை நேரில் கண்டவரே அந்த விடைக்குப் பொறுப்பாளர். நோயாளியின் செயல்திறனைப் பொறுத்து ஒவ்வொரு 30 நாளுக்கும் ஏஜென்சிக்கு மெடிக்கேர் தரும் கட்டணம் மாறுவதாலும், குணமான அளவைப் பொறுத்து 2025 முதல் மெடிக்கேர் கட்டணம் 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்வதாலும், விடையை வருவாய்க்கு ஏற்றபடி வளைக்கும் ஆசை எங்கும் எழலாம். அதற்கு உங்கள் மகள் கையொப்பமிடும் நிலை வரக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே பணியில் சேருமுன் சில கேள்விகளை அவர் கேட்டுத் தெளிய வேண்டும். முரண் தெரிந்தால் அமெரிக்கச் செவிலியருக்குக் கேள்வி அனுப்பும் முறை எழுத்தில் இருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை பதிவுகள் என்ற இலக்கு நிதானமாகப் படிக்க இடம் தருகிறதா? விதி மாறும்போது சம்பளத்துடன் பயிற்சி உண்டா? இரவு ஷிப்ட் குறித்தும் கேட்கட்டும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். வாய்ப்பிருந்தால் ஓராண்டாவது வார்டில் பணியாற்றிவிட்டு இத்துறைக்கு வருவது நல்லது. படுக்கையிலிருந்து ஒருவரை எழுப்பி உட்காரவைத்த அனுபவம் இருந்தால்தான் 'சிறிதளவு உதவி' என்பதற்கும் 'பெருமளவு உதவி' என்பதற்கும் உள்ள வேறுபாடு கண்முன் நிற்கும். பின்னாளில் வெளிநாட்டில் செவிலியராகச் செல்ல எண்ணினாலும் பொதுவாகக் கேட்கப்படுவது நோயாளிகளோடு பணிபுரிந்த அனுபவமே. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவையும் அவர் கைவிட வேண்டாம்.

ஒயாசிஸ் வழிகாட்டிக் கையேடு அமெரிக்க அரசின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கேள்வி எண்களை மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு கேள்வியும் எதை அறிய விரும்புகிறது என்ற விளக்கத்தை இந்த வாரம் அவர் படித்துப் பார்க்கட்டும். படித்த பிறகு அவரே என்னிடம் பேசட்டும். சேரலாமா என்பதை அப்போது சேர்ந்து முடிவு செய்யலாம்.