ஒரு பங்குத்தந்தை தொடங்கிய சங்கம்

கேள்வி: ‘நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்’ என்பது துறவற சபையா? அது எப்படித் தோன்றியது?

பதில்: துறவற சபை அன்று, கத்தோலிக்கப் பொதுநிலை ஆண்களின் (குருக்களோ துறவியரோ அல்லாதவர்களின்) சகோதர அமைப்பு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் நகரின் புனித மரியா ஆலயத்தில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த மைக்கேல் மெக்கிவ்னி, 1882-இல் இதை நிறுவினார். ஆலைகளில் உழைத்த ஐரிஷ் குடியேறிகளின் வீட்டில், சம்பாதிப்பவர் இறந்துவிட்டால் அடுத்த வாரச் செலவுக்கே வழியிராது. குருமாணவராக இருந்தபோது தந்தையை இழந்த அவருக்கு இந்தத் தவிப்பு சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. இறப்புக்கால உதவி தரும் ரகசியச் சங்கங்கள் அப்போது பல இருந்தாலும், அவற்றில் கத்தோலிக்கர் சேர்வதைத் திருச்சபை தடுத்ததால், உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு பங்கு செலுத்தி அவர் குடும்பத்தைத் தாங்கும் ஏற்பாட்டை அவரே உருவாக்கினார். கத்தோலிக்கரை அந்நியராகப் பார்த்த நாட்டில், அமெரிக்காவுக்கு வழி கண்ட கத்தோலிக்கரான கொலம்பஸின் பெயரைச் சூட்டியது, என் பார்வையில், சாமர்த்தியமான பதிலடி.

1897-இல் கனடாவிலும் 1905-இல் பிலிப்பைன்ஸிலும் கால்பதித்த இவ்வமைப்பில் இன்று சுமார் 20 லட்சம் பேர் உள்ளனர். காப்பீட்டுப் பணியும் தொடர்கிறது. மெக்கிவ்னியோ 1890-இல், 38 வயதிலேயே மறைந்தார். 2020-இல் அருளாளராக (புனிதர் நிலைக்கு முந்தைய படி) அறிவிக்கப்பட்டார்.