ரோஸ்வுட் கிடாருக்கு ‘ஃபாரஸ்ட் பேப்பர்’ வேண்டுமா?

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், ஆறு மாதமாகத் தோழியின் கிடாரில் பழகிவருகிறாள். அவளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் பழைய யமஹா எஃப்ஜி 730எஸ் கிடாரை 13,000 ரூபாய்க்குத் தருகிறார். ‘முழுக்க முழுக்க ரோஸ்வுட், இந்த மரமே இனி கிடைக்காது’ என்கிறார். தடை செய்யப்பட்ட மரம் என்பதால் ஃபாரஸ்ட் பேப்பர், அதாவது வனத்துறை அனுமதி, எடுக்க 2,000 ரூபாய் தனியாகக் கேட்கிறார். அதே விலைக்குக் கடையில் புதுக் கிடாரே, ஸ்பீக்கரில் இணைக்கும் ப்ளக் வைத்து, கிடைக்கிறது. எதை வாங்குவது? நாளை மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனால் விமான நிலையத்தில் தொல்லை வருமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, முதலில் அந்த 2,000 ரூபாயைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்து வாசிக்கும் கிடாருக்கு ஃபாரஸ்ட் பேப்பர் என்று ஒன்று கிடையாது. இல்லாத பேப்பருக்கு அவர் பணம் கேட்கிறார்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்கிற மரம்தான் இந்திய ரோஸ்வுட். கூடலூர்ப் பக்கம் போய் ஈட்டி என்று சொன்னாலே குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். 1994-ல் இந்த மரத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பட்டா நிலத்தில் நிற்கிற மரமானாலும் அனுமதியில்லாமல் கோடரி வைக்க முடியாது என்றார்கள். அந்தக் கெடுபிடியெல்லாம் நிற்கிற மரத்துக்கும், வெட்டிய கட்டைக்கும், பலகைக்கும்தான் இருந்தது. செய்து முடித்த கிடாரை யாரும் கட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் பாட்டி வீட்டு ஈட்டி மரப் பீரோவுக்கு எந்த பேப்பர் இருக்கிறது? ஒரு வாடிக்கையாளரின் நிம்மதிக்காக இதை ஓர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்கப் போனேன். முதல் மேசையில் ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்றார்கள். அதையே ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றதும் அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அந்த ஒரு வரியை யாரும் எழுதிக் கொடுக்காததால்தான், உங்கள் ஊர்க்காரர் மாதிரி ஆட்கள் அதை 2,000 ரூபாய்க்கு விற்கிறார்கள்.

இனி கிடார். நீங்கள் சொல்கிற மாடல் எனக்குப் பழக்கமானது. என் பட்டறைக்கு மாதம் ஒன்றாவது வந்துவிடும். ‘முழுக்க முழுக்க ரோஸ்வுட்’ என்பது பொய். அகூஸ்டிக் கிடார் அப்படி இருப்பது அபூர்வம். முன்பலகை, நாங்கள் டாப் என்போம், ஸ்ப்ரூஸ் என்ற வெளிறிய மரம். பேரின் கடைசியில் வரும் ‘எஸ்’ அந்த டாப் ஒற்றைப் பலகை என்பதற்கு அடையாளம். முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட்தான், ஆனால் லேமினேட்: மெல்லிய ஏடுகளை அடுக்கி ஒட்டியது. ‘லேமினேட்டா? ப்ளைவுட்!’ என்று முகம் சுளிக்கிறவர்கள் நிறைய. அவர்கள் சுளிப்பதால்தான் இது உங்களுக்கு 13,000-க்குக் கிடைக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாடலில் ப்ளக் கிடையாது, கழுத்தை ஒட்டிய தோளில் உள்வாங்கிய வெட்டும் கிடையாது. இன்றைக்குப் பையன்கள் கிடாரைப் படத்தில் பார்த்து வாங்குகிறார்கள். படத்தில் வெட்டு வைத்த கிடார்தான் எடுப்பாகத் தெரியும். கறுத்த முதுகோடு, சப்பையான பேரோடு இருக்கிற இது ஓரத்தில் கிடக்கும்.

ஒட்டுப்பலகை முதுகு நம் ஊருக்கு நல்லதுதான். ஒற்றைப் பலகை முதுகு வைத்த விலையுயர்ந்த கிடார்கள் சென்னையில் ஐப்பசியில் உப்பி, வைகாசியில் சுருங்கி, மூன்றாம் வருஷம் முதுகில் கோடு விட்டு என்னிடம் வரும். லேமினேட் முதுகில் அப்படிக் கோடு விழுந்து நான் பார்த்ததே அபூர்வம்.

ரோஸ்வுட்டால் நாதம் கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை. விற்கிற புரோக்கர் கட்டாயம் சொல்வார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கைவினைஞர், ஒரே அளவில், ஒரே மாதிரி டாப் வைத்து ஆறு கிடார்கள் செய்தார். முதுகு, பக்கத்து மரம் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள் என்று. 52 வாசிப்பாளர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். ரோஸ்வுட்டின் அடிநாதம் ஆழமாக இருக்கும் என்று நானும் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணைக் கட்டினால் நானும் தடுமாறுவேன். அப்புறம் எதற்கு ரோஸ்வுட்? கம்பெனிகள் தங்கள் வரிசையில் ஒரு படி மேலே இருக்கிற மாடலுக்குத்தான் ரோஸ்வுட்டை வைப்பார்கள். அந்தப் படியோடு ஒற்றைப் பலகை டாப், நல்ல ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வேலை எல்லாம் சேர்ந்து வரும். செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது அந்த மேல்படிக்கு நீங்கள் தனியாகப் பணம் தருவதில்லை. அதனால் இதைப் பார்க்கப் போகலாம்.

பார்க்கப் போகும்போது ஓர் இரும்பு ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு டார்ச். இவ்வளவு போதும்.

முதலில் கழுத்து. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்கேலை நிறுத்துங்கள். ஃப்ரெட்டின் தலையிலிருந்து தடித்த கம்பியின் அடிவரை எவ்வளவு இடைவெளி? இரண்டரை மில்லிமீட்டர் நல்லது. மூன்று வரை பரவாயில்லை. நான்கு என்றால் மகளின் விரல் புண்ணாகி, ஒரு மாதத்தில் கிடார் பீரோவுக்கு மேலே போய்விடும். இந்த உயரத்தைத்தான் ஆக்ஷன் என்கிறார்கள்.

இங்கேதான் சூதே இருக்கிறது. ஒரு செட் கம்பி அந்தக் கழுத்தை இரவும் பகலும் எழுபது கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. பல வருஷம் அப்படி இழுத்தால் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் முன்பக்கம் சாயும், ஆக்ஷன் ஏறும். அதை முறையாகச் சரிசெய்யக் கழுத்தைக் கழற்றி, கோணம் மாற்றி, மறுபடி ஒட்ட வேண்டும். இந்த விலைக் கிடாருக்கு அந்தக் கூலி கட்டாது. புரோக்கர் என்ன செய்வார்? பிரிட்ஜில், அதாவது டாப்பின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டில், கம்பி ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டை இருக்கிறதே, சேடில், அதைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சன்னமாக்கிப் போட்டுவிடுவார். ஆக்ஷன் இறங்கிவிடும், நீங்களும் ஸ்கேலை வைத்துப் பார்த்து மகிழ்வீர்கள். ஆகவே ஸ்கேலை எடுத்து சேடிலையும் அளந்து பாருங்கள். பிரிட்ஜ் மரத்துக்கு மேலே மூன்று மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மரத்தோடு மரமாக அமுங்கிக் கிடந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். ‘உள்ளே இருக்கிற ராடைத் திருகினால் சரியாகிவிடும்’ என்பார். ராட் கழுத்தின் வளைவை மட்டும்தான் மாற்றும், கோணத்தைத் தொடாது. இது அவருக்கும் தெரியும்.

இந்த சேடில் தேய்ப்பை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஒரு பையன் கொண்டுவந்த கிடாரில் சேடிலே இல்லை. அதன் இடத்தில் சீப்பின் பல்லை ஒடித்துச் செருகியிருந்தார்கள். 9,000 கொடுத்திருந்தான்.

அடுத்தது பிரிட்ஜ். விசிட்டிங் கார்டை அதன் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழையக் கூடாது. நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. மே மாதத்தில் காரின் பின்சீட்டில் கிடாரை வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களின் கிடார் இப்படித்தான் ஆகும். இது மட்டும் குறை என்றால் ஒட்டிக்கொள்ளலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டார்ச்சை நாதத்துளைக்குள் காட்டி லேபிளில் மாடல் பேர் இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். துளையின் விளிம்பையும் பாருங்கள்: டாப்பின் மேலே தெரிகிற ரேகைகள் விளிம்பிலும் நேராக இறங்கினால் ஒற்றைப் பலகை, சாண்ட்விச் மாதிரி அடுக்குத் தெரிந்தால் லேபிள் எங்கிருந்தோ வந்தது.

பொதுவாக இன்னொன்று. இணையத்தில் ‘ரோஸ்வுட் கிடார்’ என்று போட்டிருப்பவற்றில் பாதி, கழுத்தின் மேல் விரல் வைக்கும் விரல்பலகை மட்டும் ரோஸ்வுட். அதில் பொய் இல்லை, அது ரோஸ்வுட்தான், ஒரு முழம் நீளத்துக்கு. சிலதில் அதுவும் சாயம் போட்டது. எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்கும். வடக்கே ஷீஷம் என்கிற மரத்தையும் இந்திய ரோஸ்வுட் என்றே விற்கிறார்கள். அது தோதகத்தியின் பங்காளி. மட்டம் என்று சொல்ல மாட்டேன், விலை மட்டும் வேறு.

ஜெர்மனிக்கு வருகிறேன். அழியும் ஆபத்திலுள்ள விலங்கு, தாவரங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த சைட்டீஸ் என்றொரு பன்னாட்டு ஒப்பந்தம் இருக்கிறது. 2017 ஜனவரி 2 முதல் உலகத்து ரோஸ்வுட் வகைகள் எல்லாவற்றையும் அதன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். கிடார் உலகமே கலங்கியது. கடைக்காரர்களுக்குக் கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு பெட்டிக்கும் அனுமதி தேவைப்பட்டது. அப்போதும்கூட, வியாபார நோக்கமில்லாமல் 10 கிலோவுக்குள் கொண்டுபோகிறவர்களுக்கு விலக்கு இருந்தது. உங்கள் கிடார் இரண்டு கிலோ சொச்சம். பிறகு 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு முழு விலக்கே கொடுத்துவிட்டார்கள். உங்கள் மகள் தாராளமாகத் தூக்கிக்கொண்டு போகலாம். இந்த விலக்கு வந்து இவ்வளவு வருஷமாகியும், ‘சைட்டீஸ் பர்மிட் எடுத்துத் தருகிறேன்’ என்று கூரியர் ஏஜெண்டுகள் ஃபோன் போடுகிறார்கள். விதி மாறியதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, பிரேசில் ரோஸ்வுட். உங்கள் கிடாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது பரணில் ஒன்று இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அந்த மரம் 1992-லிருந்து சைட்டீஸின் முதல் பட்டியலில், அதாவது புலி, யானைத் தந்தத்தோடு இருக்கிறது. 2019 விலக்கு இதற்குச் செல்லாது. 1960-களில் நல்ல அமெரிக்கக் கிடார்கள் பலவற்றை இதில்தான் செய்தார்கள். அகலமான பலகை கிடைக்காமல் போகத் தொடங்கியதும் மார்ட்டின் கம்பெனி 1965-ல் முதுகை மூன்று துண்டாகச் சேர்த்து டி-35 என்று ஒரு மாடலே கொண்டுவந்தது. 1969-ல் நம் ஈட்டிக்கு மாறிவிட்டது. பெரம்பூரில் ரயில்வே குடும்பத்துப் பெரியவர் ஒருவர், தன் அப்பா கப்பல்காரரிடம் வாங்கிய 1960-களின் மார்ட்டினை மெல்போர்னில் இருக்கும் மகளுக்கு அனுப்ப நினைத்தார். 1992-க்கு முந்தைய மரம் என்பதற்குச் சான்று, இங்கிருந்து அனுப்ப ஒரு அனுமதி, அங்கே இறக்க ஒரு அனுமதி. ரசீது எங்கே என்றார்கள். அறுபது வருஷத்துக்கு முன் கப்பல்காரர் எங்கே ரசீது கொடுத்தார்? கிடார் இன்னும் பெரம்பூரில்தான் இருக்கிறது. நான்தான் வருஷத்துக்கு ஒருமுறை போய்க் கம்பி மாற்றுகிறேன். உங்கள் ஊர்க்காரர் விலை ஏற்றுவதற்காக ‘இது பிரேசிலியன் சார்’ என்றால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

புதுக் கிடார் பற்றிக் கேட்டீர்கள். அந்த விலையில் ப்ளக் வைத்து வருவது பெரும்பாலும் டாப்பும் லேமினேட். வீட்டில் வாசிக்கிற பெண்ணுக்கு ப்ளக் எதற்கு? கழுத்தும் சேடிலும் நான் சொன்னபடி இருந்தால் பழையதையே வாங்குங்கள், 11,000-லிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

போகும்போது மகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். எஃப்ஜி பெரிய உடம்புக் கிடார். நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் மடியில் வைத்துத் தனக்குத் தெரிந்ததை வாசிக்கட்டும். வலது தோள் காதுப் பக்கம் ஏறிக்கொண்டே போனால் அவளுக்கு அது பெரிது. சின்ன உடம்பு மாடலாகத் தேடுங்கள். தோள் இறங்கியபடியே இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு செட் புதுக் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். 12 கேஜ் வேண்டாம், அதைவிட மெல்லிய 11 என்று கேளுங்கள்.