லென்ஸ் போட்டால் வெங்காயம் ஏன் கரிப்பதில்லை?

காண்டாக்ட் லென்ஸ் அணிந்த நாளில் எவ்வளவு வெங்காயம் நறுக்கினாலும் ஒன்றும் ஆவதில்லை, மூக்குக்கண்ணாடி போட்ட நாளில் தாரை தாரையாகக் கொட்டுகிறது, கண்ணில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு எதுவும் இல்லை. லென்ஸ்தான் உங்களைக் காப்பாற்றுகிறது.

கத்தி பட்டதும் வெங்காயத்தின் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மமும் ஒரு நொதியும் கலக்கின்றன. அதில் பிறப்பதை இன்னொரு நொதி கண்ணைக் கரிக்கும் ஆவியாக மாற்றுகிறது. இந்த இரண்டாவது நொதியைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல்தான் அறிவித்தார்கள். பூண்டில் அது கிடையாது. அதனால்தான் பூண்டை எவ்வளவு நறுக்கினாலும் நாம் அழுவதில்லை. ஆவி விழியின் முன்படலத்து நரம்புகளைச் சீண்ட, கண்ணீர் அதைக் கழுவப் பார்க்கிறது. லென்ஸ் அந்த இடத்தை மூடிக்கொள்கிறது. மூக்குக்கண்ணாடியோ நாலு பக்கமும் திறந்த திண்ணை.

லென்ஸ் இல்லாத நாளில் வெங்காயத்தை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் நொதி மந்தமாகும். கத்தியையும் தீட்டிக்கொள்ளுங்கள், மொண்ணைக் கத்தி செல்களை நசுக்கித் தள்ளும். வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொள்ளச் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். ரொட்டி நனைந்ததுதான் மிச்சம்.

வெங்காயம் நறுக்கிய கையோடு மட்டும் லென்ஸைக் கழற்றிவிடாதீர்கள்!