நீச்சல் தெரியாது, பெங்களூர் கிளப் ஒன்று தீவில் ஸ்கூபா, கேம்பிங் என்று கூப்பிடுகிறது. போகலாமா?

போகலாம். எனக்கும் நீச்சல் தெரியாது, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முழுகிவிட்டு வந்தேன். இதில் வேடிக்கை, என் சொந்த ஊர் தூத்துக்குடி.

பெங்களூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஆபீசில் ஊர்ப் பேரைச் சொன்னால் போதும், "அப்ப நல்லா நீந்துவீங்களே?" என்பார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவனெல்லாம் மீன்குஞ்சு என்று நினைப்பு. முத்துக்குளித்த ஊர்தான், இல்லையென்று சொல்லவில்லை. இன்றைக்கும் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் அப்பா உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அம்மா கரையிலிருந்து கத்த ஆரம்பித்துவிடுவாள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தும், ஒரு பவளப்பாறையைக் கண்ணால் பார்க்க நான் 42 வயதில் கர்நாடகத்துக்குப் போகவேண்டியிருந்தது.

எந்தத் தீவு என்று நீங்கள் எழுதவில்லை. பெங்களூரிலிருந்து வார இறுதி என்றால் அநேகமாக முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணிதான். வெள்ளி ராத்திரி பஸ், திங்கள் காலை ஆபீஸ், சரியா? அப்படியானால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: டென்ட் தீவில் இருக்காது. நேத்ராணி செங்குத்தான பாறை, கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். படகிலிருந்து அப்படியே தண்ணீரில் இறங்கி, அப்படியே ஏறித் திரும்புவதுதான். டென்ட் போடுவது இந்தப் பக்கத்துக் கடற்கரையில். எங்கள் போஸ்டரில் இரண்டையும் ஒரே வரியில் போட்டிருந்தார்கள். நானும் தீவில் நட்சத்திரம் பார்க்கலாம் என்று பெரிய டார்ச்சோடு போனேன். கிடைத்தது காதுக்குள் மணலும், பக்கத்து ரிசார்ட்டின் குத்துப்பாட்டும்.

முழுகும் கதைக்கு வருகிறேன். நீச்சலை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். பிரச்சினை செய்தது மீசை. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் மேலுதட்டில் ஒட்டி உட்கார வேண்டும், மீசை வழியாகத் தண்ணீர் கசிந்து மூக்கடியில் தேங்குகிறது. பயிற்சியாளர் பையனுக்கு 25 வயது இருக்கும். "அங்கிள், ஒண்ணு ஷேவ், இல்லேன்னா வாஸ்லைன்" என்றான். இருபது வருஷ மீசை. வாஸ்லைன் என்றேன். விரல் நிறைய எடுத்து, கல்யாண மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி பூசிவிட்டான். அப்படியும் கொஞ்சம் கசிந்தது. மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழே வெளியேறிவிடுகிறது. அதை மூன்று தடவை செய்ததும் பாதி பயம் போய்விட்டது.

அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மூச்சைப் பிடிக்காதே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்தபடி மேலே வந்தால் அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவனுக்கு மூச்சடக்குவதுதான் பெருமை. இங்கே அதுதான் குற்றம். நீந்தத் தெரியாத எனக்கு மறக்கவேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. எட்டு மீட்டர் வரை போனேன். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் கடலை மிட்டாய் மெல்லுவது போலக் கேட்டது.

எங்களோடு வந்த சேலத்துத் தம்பி ஒருவன் கிணற்றில் டைவ் அடித்து வளர்ந்தவன். சளி பிடித்திருந்ததை மறைத்துவிட்டான். மூன்று மீட்டரில் காது வலி தாங்காமல் கையைக் காட்டி மேலே வந்துவிட்டான். தண்ணீர் அழுத்தத்தில் அடைத்த காது, மூக்கைப் பிடித்து ஊதினால் திறக்கவேண்டும், சளி இருந்தால் திறக்காது. பாவம், திரும்பும் வழியெல்லாம் வாந்தி வேறு. வாந்தி மாத்திரையைப் படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

'நீச்சல் தெரியாதவனைக் கடலுக்கு அனுப்புகிறாயே' என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே வரும் அறிமுக முழுக்கு மட்டும். அதற்கே 12 மீட்டர்தான் எல்லை. சான்றிதழ் படிப்பு என்றால் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிஷம் மிதக்கவும் வேண்டும். ஆஸ்துமா, காதில் ஆபரேஷன் எல்லாம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

நான் நீச்சல் கற்க முயலாமலும் இல்லை. 2024 பிப்ரவரியில் எங்கள் அபார்ட்மென்ட் குளத்தில் சேர்ந்தேன். மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம், குளங்களில் குடிநீர் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. நியாயம்தான். மழை பெய்து குளம் நிறைந்த பிறகு, வாடகைக்கு இருப்பவர்கள் ஓனரிடம் கடிதம் வாங்கிவர வேண்டும் என்று புது விதி போட்டார்கள். மெயின்டெனன்ஸ் பணத்தை மட்டும் எந்தக் கடிதமும் இல்லாமல் என்னிடம் வாங்கிக்கொள்கிறார்கள். ஓனர் துபாயில் இருக்கிறார், மெசேஜுக்கு இரண்டு நீல டிக் மட்டும் விழுகிறது. எப்படி நீச்சல் வரும்?

சரி, கிளப்பிடம் ஒன்றைக் கேளுங்கள்: முழுக்கு சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். முழுகின உடனே விமானத்தில் ஏறக்கூடாது என்பதற்குச் சொல்லும் அதே காரணம் மலைப்பாதைக்கும் உண்டு. முழுகும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரத்துக்கு ஏறுமுன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு முழுக்கு என்றாலும் 12 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். எங்களுக்குச் சனிக்கிழமை காலை முழுக்கு, ஞாயிறு ராத்திரி பஸ்.

வீடியோவுக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள், அதைப் பற்றி இன்னொரு பதிலே எழுதலாம். அதை அம்மாவுக்கு அனுப்பினேன். அதில் பயிற்சியாளன் பின்னாலிருந்து என் சிலிண்டரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவான். அம்மா அதை முழுசாகப் பார்த்துவிட்டு போன் செய்தாள். "யாருல அவன், ஒன்னயப் பின்னாடி பிடிச்சுத் தள்ளிக்கிட்டே போறான்?"