வயலுக்கு வந்த பேலட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் ஊர். தை கடைசியில் நெல் அறுத்து, வைக்கோலும் கட்டியாயிற்று. வயல் வெறுமையானதும் பார்த்தால் கண்மாய்க்குக் கீழே மூன்று மரப் பேலட்டுகள் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகள்) கிடக்கின்றன. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழியும் கலுங்குக்குப் பக்கத்து வயலில் ஒன்று. நாலடிக்கு நாலடி, நல்ல கனம், மேலே வட்ட வட்டமாகத் துருக்கறை. அதற்கும் கீழே, ஓடையை ஒட்டிய வயல்களில் இரண்டு. வெளிர் மரம், ஏழரை அடி நீளம், நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். இந்த இரண்டிலும் பக்கவாட்டில் ஒரு கதிர் படமும் சில ஆங்கில எழுத்துகளும் முத்திரையாக இருக்கின்றன. 'சிஎன்', 'எச்டி' என்று படிக்க முடிகிறது. வயல்காரர்கள் மூவரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள்.

டீக்கடையில் இப்போது இது ஒன்றுதான் பேச்சு. ஹெலிகாப்டரிலிருந்து போட்டார்கள் என்று ஒரு கட்சி. இலங்கைக்குச் சரக்கு கடத்துகிறவர்கள் வைத்த அடையாளம் என்று இன்னொரு கட்சி. ஹைட்ரோகார்பன் எடுக்க இடம் குறித்திருக்கிறார்கள் என்கிறார் ஒருவர். கடல் கொண்டுவந்து போட்டது என்கிறார்கள் கடலுக்குப் போகும் உறவுக்காரர்கள். முனி ஓடைப் பாதையில்தான் போகும், அதற்குக் கட்டில் என்பது என் பெரியம்மாவின் முடிவு. கதிர் படத்தைப் பார்த்துவிட்டு, வேளாண்மைத் துறை இலவசம், இன்னும் வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு.

எங்கிருந்துதான் வந்திருக்கும்? ஆட்டுக் கொட்டகைக்கோ மிளகாய் காயப்போடவோ எடுத்துக்கொள்ளலாமா? அடுப்புக்கு ஆகுமா?

அன்புடன்,
உங்கள் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெரியம்மாவிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. பேலட்டின் இரண்டு பலகைகளுக்கு நடுவே மூன்று நான்கு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பழகிய முனி இதில் ஒரு சாமம் தாங்காது. போகட்டும், மூன்று கட்டில் எதற்கு? குடும்பத்தோடு அலைகிற முனியை நம் சீமையில் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

ஹெலிகாப்டர் கட்சிக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் இருப்பதால் நம் கரையோரம் வானத்தில் சத்தம் கேட்பது வழக்கம். ஆனால் மேலிருந்து விழுந்த பேலட் மூலைக் கட்டை பிளந்து, ஆணி பிதுங்கி, விழுந்த இடத்தில் குழியும் போட்டிருக்கும். நீங்கள் எழுதியதில் உடைசல் பேச்சே இல்லை. ஹைட்ரோகார்பனுக்கு இடம் குறிப்பவர்கள் முளைக்குச்சியும் கொடியும் நடுவார்கள், கல் பதிப்பார்கள். தண்ணீர் வந்தால் மிதந்து போகிற பொருளை யாரும் எல்லைக்கு வைப்பதில்லை. கடத்தல் கட்சிக்கும் இதே கதி. பேலட்டின் அடியில் ஓட்டை விட்டுச் செய்வதே ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு கொம்பு நுழையத்தான். கடல் அட்டையைச் சாக்கில் கட்டி இருட்டோடு இருட்டாகத் தோளில் தூக்கி ஓடுகிறவருக்கு ஃபோர்க்லிஃப்ட் எதற்கு?

கடல் என்பது மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டிய கட்சி. வாடைக்காற்று மாதங்களில் பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் மரமும் மிதவையும் கரை ஒதுங்குவது உண்மை. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் கண்டெய்னர்கள் கொல்லம் கடற்கரை வரைக்கும் வந்து ஒதுங்கின. ஆனால் கடலில் வாரக்கணக்கில் கிடந்த மரம் அதை மறைக்காது. அடிப்பக்கம் கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) ஒட்டியிருக்கும், அல்லது அது உதிர்ந்த வெள்ளைத் தழும்பு இருக்கும். ரொம்ப நாள் கிடந்திருந்தால் கப்பல் புழு துளைத்த ஓட்டைகள் இருக்கும். பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் சுண்ணாம்பு பூசின குழாய் மாதிரி தெரியும். இதெல்லாம் இல்லாமல், மூன்று கிலோமீட்டர் உள்ளே, அதுவும் கண்மாய்க்குக் கீழே கிடக்கிறது என்றால் கடலை விட்டுவிடலாம். ஒருவேளை கொட்டலசு இருந்தால் தொடாதீர்கள். 1093க்குப் போன் செய்து கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸிடம் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் கதிர். கதிர் இருக்கிறது, அரிவாள் இல்லை. ஆகவே கட்சிச் சின்னமும் இல்லை. துறை இலவசமும் இல்லை. நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டி, பேலட் எல்லாவற்றுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு பன்னாட்டு விதி 2002இல் வந்தது. அதற்கு முன்னால், மரத்துக்குள் ஒளிந்துபோன பூச்சிகள் பெரிய சேதம் செய்தன. சீனாவிலிருந்து போன பெட்டி மரத்தின் வழியாக நீளக்கொம்பு வண்டு அமெரிக்காவுக்குப் போய், 1996இல் நியூயார்க்கில் மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். பைன் மரத்தைக் கொல்லும் நூற்புழு 1999இல் போர்ச்சுகலில் தென்பட்டது. அதனால் இப்போது மரத்தைச் சூடேற்றி, நடு வைரம் வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் விடாமல் 30 நிமிடம் நிற்க வேண்டும். அப்படிச் செய்ததற்கு அடையாளம் 'எச்டி'. 'எம்பி' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. கதிருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டெழுத்து, மரத்துக்கு அந்த வைத்தியம் நடந்த நாடு. இந்தியா என்றால் 'ஐஎன்'. உங்கள் 'சிஎன்' சீனா.

சீனாவிலிருந்து ஏழரை அடி நீளப் பேலட்டில் நம் ஊருக்கு என்ன வரும்? சோலார் பேனல்தான். 540 வாட் வகைப் பேனல் 2,278 மில்லிமீட்டர் நீளம், 1,134 மில்லிமீட்டர் அகலம். அடிக் கணக்கில் ஏழரைக்கு மூன்றே முக்கால். உங்கள் அளவு நாடா சொன்னதும் அதேதான். முப்பது பேனல் சொச்சத்தை நெட்டுக்குத்தாக அடுக்கி, பட்டை கட்டி, கண்டெய்னரில் ஏற்றுவார்கள். ஒரு பேனல் 28 கிலோ அளவு என்றால் ஒரு பேலட் சுமை முக்கால் டன்னைத் தாண்டும். கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா 2016இல் வந்தது. அங்கிருந்து வந்த பழசாக இருக்குமோ என்றால் இருக்காது. அந்தக் காலத்துப் பேனல் ஏழடிகூட இல்லை. உங்களுடையது சில வருஷத்துக்குள் இறங்கிய சரக்கு.

5 எச்பி சோலார் பம்புக்கு இந்தப் பேனல் ஒன்பது பத்து போதும். கடைக்காரர் பெரிய கட்டைப் பிரித்து, பத்தை ஒரு பேலட்டில் வைத்துக் குட்டி யானையில் கட்டி அனுப்புவார். பின்கதவை இறக்கிவிட்டால்தான் நீளம் கொள்ளும். பேனலை மாட்டி முடித்ததும் பேலட்டைத் திருப்பிக் கொண்டுபோக ஆள் இருக்காது. 1,200க்கு 1,000 மில்லிமீட்டர் அளவுப் பேலட் என்றால் பழைய சாமான் கடையில் கேட்டு வாங்குவார்கள். குடோன் எல்லாம் அந்த அளவுக்குத்தான் கட்டியிருக்கிறது. ஏழரை அடியை எவரும் சீந்துவதில்லை. டீசல் செலவுக்கு அது கட்டாது. ஆக, அது பம்பு ஷெட் ஓரத்திலேயே தங்கிவிடும்.

வட்டக் கறை போட்ட சதுரப் பேலட்டின் கதை வேறு. 200 லிட்டர் இரும்பு டிரம்மின் விட்டம் 58 சென்டிமீட்டர் சொச்சம். நாலடிச் சதுரத்தில் நாலு நிற்கும். வட்டத்தை அளந்து பாருங்கள். பலகையில் தேன் நிறத்தில் கண்ணாடி போல இறுகிய சொட்டுகள் இருந்தால் ஃபைபர் படகு கட்டும் பட்டறைக்கு ரெசின் வந்த பேலட். அதை யாரோ டீசல் டிரம் வைக்க வாங்கி வந்திருப்பார்கள். முத்திரை இல்லாததற்கு மர்மம் ஒன்றும் வேண்டாம். உள்நாட்டுக்குள் ஓடும் பேலட்டுக்கு முத்திரை அவசியமில்லை. கனம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நாட்டு மரமாக இருக்கும்.

அப்படியானால் ஷெட்டிலிருந்து வயலுக்கு யார் தூக்கினார்கள்? யாரும் தூக்கவில்லை. கண்மாய் நிறைந்து மறுகால் போன தண்ணீர் தூக்கியது. நம் பக்கம் மழை பெய்தால் எப்படிப் பெய்யும் என்பது தெரிந்ததுதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காய்ந்த பைன் மரம் தண்ணீரில் பாதி எடைதான். அந்தப் பேலட் மிதக்க முழங்கால் தண்ணீர் வேண்டாம், ஒரு சாண் போதும். ஆனால் வரப்பைத் தாண்ட, வரப்புக்கு மேலே நாலு விரல் உயரமாவது தண்ணீர் போக வேண்டும். அது குறைந்ததும் பேலட் வரப்பிலோ உடைப்பு வாயிலோ முட்டி நிற்கும். நாட்டு மரப் பேலட் ஆழமாக அமிழ்ந்து மிதக்கும்; சீக்கிரம் தரை தட்டும். உங்கள் கணக்கில் கனமானது கலுங்கடியிலும், லேசான இரண்டும் கீழேயும் கிடக்கின்றன. கண்மாயே தரம் பிரித்து வைத்திருக்கிறது.

இதை நம்பாதவர்களுக்கு வயலிலேயே சாட்சி உண்டு. பேலட் பலகைகளின் இடைவெளி வழியாக நெல் தாள் மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பயிர் நிற்கும்போதே, கார்த்திகை மழையிலேயே பேலட் வந்துவிட்டது. பலகைக்கு அடியில் சிக்கிய பயிர் வெளுத்து அழுகியிருக்கும். இடைவெளியில் அகப்பட்டது மட்டும் வளர்ந்து கதிர் விட்டிருக்கும். அறுப்பு மிஷின்காரர் பிளேடுக்குப் பயந்து ஒதுங்கிப் போயிருப்பார். சுற்றிலும் அறுபடாத தாள் ஒரு வட்டமாக நிற்கும். கலுங்கைப் பார்த்த பக்கத்துச் சந்தில் சருகும் வைக்கோலும் வண்டலும் அடைத்திருக்கும், எதிர்ப்பக்கம் சுத்தமாக இருக்கும். மாறாக, அறுத்த தாளுக்கு மேலேயே பேலட் உட்கார்ந்திருந்தால் என் கணக்கு தவறு. மனிதர் கொண்டுவந்து போட்டது. அறுப்புக்குப் பிறகு ஆட்டுக் கிடை போட வந்த கீதாரிகள் (இடையர்கள்), குட்டிகளைக் கொடாப்புக் கூடையில் அடைக்க அடியில் போட்டிருக்கலாம். ஆட்டுப் புழுக்கை உங்களுக்குச் சொல்லிவிடும்.

இடைவெளியில் தாள் இருந்தால், கலுங்குக்கு மேலே கரையோரம் சோலார் பம்பு வைத்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். வயல்காரர்கள் தங்களுடையது இல்லை என்று சொன்னது உண்மையே, பொருள் மேல்வயல்காரருடையது. அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கொடுத்துவிடுவார், வேண்டாம் என்றுதான் ஓரமாகப் போட்டிருப்பார்.

எடுக்கும்போது விரலை அடியில் விடாதீர்கள். சுருட்டை விரியனுக்கும் தேளுக்கும் இதைவிட நல்ல கூரை கிடைக்காது. தொரட்டியால் எதிர்ப்பக்க விளிம்பை மாட்டி உங்கள் பக்கமாக இழுத்து நிமிர்த்துங்கள். அப்போது பேலட் உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே தட்டியாக நிற்கும். உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்கினால் உள்ளே இருப்பது நேராகக் காலுக்குத்தான் வரும்.

ஆட்டுக் கொட்டகைப் பரணுக்கு அப்படியே போட்டால் குட்டியின் கால் இடைவெளியில் மாட்டி ஒடியும். பலகையைக் கழற்றி, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் சந்து விட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். புழுக்கை விழவும் வேண்டும், குளம்பு நுழையவும் கூடாது. அதற்கு இரண்டு பேலட் பலகையும் ஒரே தளத்துக்குத்தான் சரியாக இருக்கும். கழற்றுவதுதான் பாடு. வளையம் வெட்டிய ஆணியைக் கடப்பாரை கொண்டு நெம்பினால் பலகை நுனி பிளக்கும். உப்புக் காற்றில் துருப்பிடித்ததால் தலை மட்டும் கையோடு வரும். பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே ஒரு ஆப்பு அடித்து இடைவெளி உண்டாக்கி, ஹாக்சா பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடுங்கள். பலகை முழுசாக வரும். அடிக்கட்டைகள் ஒன்றரை அடிக்கு மேல் தள்ளியிருந்தால் நடுவே ஒரு சட்டம் கூடுதலாகக் கொடுங்கள், பெட்டை ஆட்டின் கனத்துக்குப் பலகை வளையும்.

முண்டு மிளகாய்க்கு 'எச்டி' பேலட் இரண்டும் நல்லது. மேலே வலை விரித்துக் காயப்போட்டால் மணல் ஏறாது, கீழேயும் காற்று போகும். ராத்திரிப் பனிக்கு மட்டும் மூடிவிட வேண்டும். ரெசின் பேலட்டை மிளகாய்க்கோ நெல் மூட்டைக்கோ கொண்டுபோகாதீர்கள், மோட்டார் ஷெட்டோடு இருக்கட்டும். அடுப்பில் அதை எரிக்கவே கூடாது. மற்ற இரண்டையும் எரிக்க நான் சொல்ல மாட்டேன். எரித்தால் சாம்பலிலிருந்து ஆணியைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் பொறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது குப்பையோடு வயலுக்குப் போய் டிராக்டர் டயரிலோ மாட்டுக் குளம்பிலோ ஏறும்.

ஒன்றை மட்டும் உங்கள் டீக்கடையில் நம்பிவிட வேண்டாம்: முத்திரை போட்ட மரத்தைக் கறையான் தொடாது என்பார்கள். சூடேற்றியது அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றது, அவ்வளவுதான். மருந்து எதுவும் மரத்தில் தங்கவில்லை. பைன் மரம் கறையானுக்குப் பிரியம். வெறும் மண்ணில் வைத்தால் அடுத்த மழைக்குள் தின்று முடித்துவிடும். நாலு மூலைக்கும் கல் கொடுத்து, மண்ணுக்கு மேலே ஒரு சாண் தூக்கி வையுங்கள்.

அன்புடன்