மாலத்தீவில் கையைக் கடிக்காத கடற்கரை விடுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணவர், நான், பத்து வயது மகன் மூவரும் மாலத்தீவு போக ஆசை. இணையத்தில் அறை ஒரு ராத்திரிக்கு 50 டாலர் என்று இருக்கிறது. போய்வந்த சொந்தக்காரர்களோ லட்சக்கணக்கில் ஆனது என்கிறார்கள். எது சரி?
*வாசகி, தக்கலை*

இரண்டும் சரிதான். அவர்கள் தங்கியது ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட்டாக இருக்கும் இடமாக இருக்கும். நீங்கள் பார்த்தது மக்கள் குடியிருக்கும் தீவில் உள்ள கெஸ்ட் ஹவுஸ். மாஃபுஷி, துலுஸ்தூ, உக்குல்ஹாஸ், திகுரா எல்லாம் இந்த வகை. கடல் ஒன்றுதான், செலவுதான் வேறு.

ஆனால் 50 டாலர் என்பது முழுத் தொகை அல்ல. அதோடு சேவைக் கட்டணம் 10 சதவீதம், ஆக 55. அதன்மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம், ஆக 64.35. பிறகு பசுமை வரி. 50 அறைகளுக்கு மேற்படாத கெஸ்ட் ஹவுஸில் தலைக்கு, ராத்திரிக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டுமே விலக்கு, உங்கள் மகனுக்குக் கிடையாது. மூவருக்கும் 18 டாலர் சேர்த்தால் ஒரு ராத்திரிக்கு 82.35, நான்கு ராத்திரிக்கு 329.40. சில தளங்கள் வரி சேர்த்து விலை காட்டும், சில காட்டாது. "எல்லா வரியும், மூன்றாவது ஆளுக்கான கட்டிலும் சேர்த்து எவ்வளவு?" என்று விடுதிக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போட் செலவு. விமான நிலையத்திலிருந்து மாஃபுஷிக்கு ஸ்பீடு போட்டில் ஒரு வழிக்குத் தலைக்கு ஏறத்தாழ 20 முதல் 25 டாலர். தூரத் தீவு என்றால் இது பல மடங்காகும். அறை 15 டாலர் மலிவு என்று தூரத் தீவைப் பிடித்து, மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கைப் போட்டுக்குக் கொடுப்பவர்கள் நிறைய. போட் கட்டணம் தெரியாமல் அறை போடாதீர்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகர், மார்த்தாண்டம்*

விமானம் இறங்கும் நேரத்தைத்தான். மாலே நேரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால். உங்கள் தீவுக்குக் கடைசி போட் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற டிக்கெட்டைப் போடுங்கள். போட்டை விட்டால் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே தீவில் தங்கலாம். விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே போய்விடலாம். தனிப் போட் பேசினால் பர்ஸ் காலியாகும். அரசு ஃபெர்ரி மிக மலிவு, மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் விமான நிலையத்திலிருந்து அல்ல, மாலே நகரத்திலிருந்துதான் கிளம்பும், வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது.

இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை, இறங்கியதும் இலவசமாகவே அனுமதி கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டும் விடுதி பதிவும் கையில் வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசுத் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

ஸ்பீடு போட்டில் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே உட்காரவே கூடாது.

நாங்கள் கடலோரத்தில் வளர்ந்தவர்கள், நீந்தத் தெரியும். அங்கேயும் பயப்பட என்ன இருக்கிறது?
*வாசகர், குளச்சல்*

நம் கடல் வேறு, அந்தக் கடல் வேறு. இங்கே அலை கரையில் வந்து அடிக்கும். ஆபத்து கண்ணுக்குத் தெரியும். அங்கே பவளப்பாறை வெளியே நின்று அலையைத் தடுப்பதால், உள்ளே குளம் போலக் கிடக்கும். பாறையின் விளிம்பைத் தாண்டினால் தரை சட்டென்று கீழே போய்விடும். பாறைகளுக்கு நடுவில் உள்ள வாய்க்கால்களில் நீரோட்டம் பலமாக இழுக்கும். மேலே அலையே இருக்காது, அதனால்தான் ஏமாறுகிறார்கள். கரையில் உள்ளவர்களிடம் "இன்று ஓட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டு, முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்துங்கள். களைத்த பிறகு திரும்பிவர ஓட்டமே உதவும். தனியாக இறங்க வேண்டாம்.

மீன் பார்க்கும் கண்ணாடியை வாடகைக்கு எடுக்கும்போது, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் சரியான அளவு. மீசைக்காரர்களுக்கு மூக்கின் கீழே ரோமத்தின் வழியாகத் தண்ணீர் கசியும். அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும். முழுக்கைச் சட்டை போட்டு இறங்குங்கள். முகம் தண்ணீருக்குள் இருப்பதால் முதுகு வெயிலில் வேகுவது தெரியாது, ராத்திரி படுக்க முடியாது.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிருள்ளது, உடைந்தால் வளரப் பல வருடம் ஆகும். உங்கள் காலிலும் கீறல் விழும், அது எளிதில் ஆறாது. கீறினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் துகள்களை எடுத்துவிட்டுக் கிருமிநாசினி தடவுங்கள்.

உடை, சாப்பாடு எப்படி?
*வாசகி, நாகர்கோவில்*

குடியிருப்புத் தீவில் தெருவில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நீச்சலுடைக்கு 'பிகினி பீச்' என்று தனி இடம் உண்டு. மது அங்கே கிடையாது, கொண்டுபோகவும் முடியாது. வழிபாட்டுச் சிலைகளையும் பன்றி இறைச்சியையும் சுங்கத்தில் தடுப்பார்கள்.

சாப்பாடு நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமே இல்லை. காலையில் சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த 'மாஸ் ஹுனி', அதோடு சாப்பிட ரொஷி என்ற ரொட்டி. நம் வீட்டு மாசிக் கருவாடு அந்த நாட்டுச் சரக்குதான். சைவக்காரர்கள் அறை போடும்போதே சொல்லிவிடுங்கள், காய்கறி பெரும்பாலும் இறக்குமதி. நோன்பு மாதத்தில் பகலில் கடைகள் மூடியிருக்கும்.

எந்த மாதம் நல்லது?
*வாசகர், கருங்கல்*

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் தெளிவு. மே மாதத்திலிருந்து நமக்கு இடவப்பாதி கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கேயும். அறை மலிவாகும், போட் ரத்தாகும். அந்த மாதங்களில் போனால் கடைசி ராத்திரியை ஹுல்ஹுமாலேயில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூபா டைவிங் செய்வதாக இருந்தால் முதல் நாட்களிலேயே முடித்துவிடுங்கள். டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேர இடைவெளி விட வேண்டும்.