புகை வருகிறது, கங்கு விழவில்லையே!

கேள்வி: வில்லால் கோலைக் கடைந்து தீ மூட்டப் பழகுகிறேன். புகை தாராளமாக வருகிறது. கை ஓய்ந்ததும் புகையும் ஓய்ந்துவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: புகையை நம்பாதீர்கள், தூளைப் பாருங்கள். கங்காக மாறுவது கட்டை அல்ல, கடையும்போது உதிரும் கரித்தூள்தான். அது ஓரிடத்தில் குவிந்தால்தான் சூடு தங்கும். அடிக்கட்டையில் கோல் சுழலும் குழியின் ஓரத்தில் வெட்டு போடுவது அதற்காகத்தான். பெரும்பாலும் கோட்டை விடுவதும் அங்கேதான். வெறும் கீறல் போதாது. முதலில் குழியைக் கொஞ்சம் கடைந்து கருக்கிக்கொள்ளுங்கள். பிறகு, அந்த வட்டத்தை எட்டாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அளவுக்கு, கட்டையின் விளிம்பு வரை வெட்டி எடுங்கள். வெட்டின் கூர்முனை மையத்துக்குச் சற்று முன்பே நிற்கட்டும். மையத்தைத் தாண்டினால் கோல் அதற்குள் சரிந்து எகிறும். தூளை ஏந்த, வெட்டுக்கு அடியில் ஒரு காய்ந்த இலையை வைத்துக்கொள்ளுங்கள்.

தூள் வெளிர்பழுப்பாக இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. கரகரவென்று சுருள் சுருளாக வந்தால் அழுத்தம் கூடுதல், வேகம் குறைவு. கருத்து, மாவுபோல் மென்மையாக விழுந்தால் சரி. கிரீச்சென்று சத்தம் கேட்டு, குழி பளபளத்தால் உராய்வு போதவில்லை என்று பொருள். அந்தப் பளபளப்பைச் சுரண்டிவிட்டு ஒரு சிட்டிகை பொடிமணல் போடுங்கள்.

ஆரம்பத்திலேயே மூச்சு வாங்கக் கடைய வேண்டாம். வில்லின் முழு நீளத்துக்கும் நிதானமாக இழுங்கள். வெட்டில் தூள் நிரம்பிய பிறகு அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்டி இருபது முப்பது இழுப்பு. கோலை எடுத்த பிறகும் தூள் தானாகப் புகைந்தால் கங்கு பிடித்துவிட்டது. உடனே ஊதாதீர்கள், தூள் சிதறிவிடும். கையால் மெல்ல விசிறி, அரை நிமிடம் பொறுங்கள்.

கோலின் மேல்முனை கூராகவும் கீழ்முனை மழுங்கலாகவும் இருக்க வேண்டும். மேலே அழுத்தும் கட்டையின் குழியில் பச்சிலையைக் கசக்கி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பில் பாதி உள்ளங்கையைச் சுடத்தான் உதவும்.

கேள்வி: எந்த மரம் நல்லது? வில்லில் கட்டிய, நாரில் திரித்த கயிறு அறுந்துகொண்டே இருக்கிறதே?

பதில்: மரத்தின் பெயரைவிட அதன் பதம் முக்கியம். நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் பதிய வேண்டும். பிசின் மரம் ஆகாது. ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். ஈரம் இருந்தால் அதை ஆவியாக்குவதிலேயே சூடு தீர்ந்துபோகும். தரையில் கிடப்பதைவிட மரத்திலேயே பட்டுப்போன கிளை மேல். அடிக்கட்டை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனம். கோல் இரண்டு சென்டிமீட்டர் பருமன், இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளம்.

கயிறு அறுவது பெரும்பாலும் கோலில் தன்மேல் தானே உரசுவதால்தான். வில்லைச் சாய்க்காமல் பிடியுங்கள். வழுக்கினால், கயிற்றின் நடுவைக் கோலோடு முடிந்து நாலைந்து சுற்று சுற்றுங்கள். கயிறே வேண்டாம் என்றால் அரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய கோலை உள்ளங்கைகளால் உருட்டிக் கடையலாம். கை கொப்புளிக்கும், சொல்லிவிட்டேன்.

கேள்வி: கங்கை நாரில் போட்டதும் அணைந்துவிடுகிறது.

பதில்: நாரை இழை இழையாகப் பிரித்து, உள்ளங்கையில் தேய்த்துப் பஞ்சாக்கி, குருவிக்கூடுபோல் குழித்து வையுங்கள். நடுவில் மிக மெல்லிய இழைகள், வெளியே முரடானவை. கங்கை நாலா பக்கமும் நார் தொட வேண்டும்; ஆனால் இறுக்கி நசுக்கினால் மூச்சுமுட்டி அணையும். முகத்துக்குச் சற்று மேலே பிடித்து, மெதுவாக, நீளமாக ஊதுங்கள். புகை அடர்ந்து மஞ்சளாகும்போது கையைச் சுட்டுக்கொள்ளாமல் சுள்ளிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.